கழருதோ, முறுகுதோ

வேலை பழகுகிற பிள்ளைகளே, எஞ்சினில் ஸ்டட் முறிந்தவுடன் நீங்கள் சொல்லப்போகிற முதல் பொய் எனக்குத் தெரியும். “இது முதலே வெடிச்சிருந்தது.” கராஜ் வேலைக்கு வந்த அத்தனை பேரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொன்னேன். உங்களை விட அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னேன். அதனால் அந்தக் கதையை என்னிடம் கொண்டு வர வேண்டாம். முறிந்த துண்டைக் கொண்டு வாருங்கள். பழைய வெடிப்பென்றால் அதன் முகம் கறுத்துத் துருவேறி இருக்கும். இப்போது முறித்ததென்றால் பல் தீட்டிய வாய் மாதிரிப் பளபளக்கும். நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக்கூட்டிப் பேப்பர் வாசிப்பதை விட முறிந்த இரும்பை வேகமாக வாசிப்பேன்.

நான் பொய் சொன்னது ஒரு லொறியின் ஸ்டட்டுக்கு. எங்கள் கராஜின் பெரிய மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு வேறு பெயர் இருந்ததா என்று அவருடைய மனைவிக்குத்தான் தெரியும். அவர் துண்டை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“முதலே வெடிச்சிருந்ததோ?”

“ஓம் பாஸ்.”

“அப்பிடியெண்டா அடுத்த முறை பொய் சொல்ல முதல் துண்டை ரெண்டு நாள் உப்புத் தண்ணியில ஊறப்போடு. இது பச்சைப் பொய்யாக் கிடக்கு.”

அவ்வளவுதான். முதலாளி வந்து கேட்டபோது, அது முதலே வெடித்திருந்தது என்று பாஸே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் எனக்குத் தெய்வம். இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது. அன்றைக்கே என் காதைப் பிடித்து முறுக்கி, லொறிக்காரனிடம் போய் உண்மையைச் சொல் என்று அனுப்பியிருந்தால், லத்தீப் நானாவின் காரில் எனக்கு அந்த அவமானம் நடந்திருக்காது.

வெள்ளைக்காரக் கப்பற்படை திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போய் ஆறேழு வருசமான நேரம் அது. அவர்களோடு என் வீட்டுக்காரரின் வேலையும் போயிருந்தது. நான் பாலையூற்றிலிருந்து நடந்து வந்து, துறைமுகத்துப் பக்கம் இருந்த இந்தக் கராஜில் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினேன். பிறகு மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். பிறகு ஆள் குறைந்த ஒரு நாளில் ஸ்பனர் பிடித்தேன். ஸ்பனரை எனக்கு ஒருவரும் தரவில்லை. என் கையிலிருந்து ஒருவரும் பறிக்கவுமில்லை.

போன கப்பற்படை சாம்பல் நிறப் பெயின்றைத் தகரம் தகரமாக விட்டுவிட்டுப் போனது. அது ஏலத்துக்கு வந்து ஊர் முழுக்கப் பரவியது. கேற், கட்டில், தோணி, கோழிக்கூடு எல்லாம் போர்க்கப்பல் நிறம். என் மாமியார் வீட்டுக் கக்கூஸ் கதவுகூடச் சண்டைக்குப் புறப்பட்ட மாதிரி நிற்கும். உப்புக் காற்றுக்கு அது நல்ல பெயின்ற்தான், துரு கிட்ட வராது. ஆகவே எங்கள் ஆட்கள் அதை எஞ்சினுக்கும் பூசினார்கள். இந்த மடைத்தனத்தை வேறு ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை.

லத்தீப் நானா கிண்ணியாக்காரர்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். முதலில் தோணி வலித்தவர், பிறகு வயலைக் கொடுத்து ஒரு பழைய இங்கிலீஷ் கார் வாங்கி வாடகைக்கு ஹயர் ஓடினார். தோணியால் இக்கரை வந்து இறங்குகிற நோயாளிகளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போவது அவருடைய பிழைப்பு. ஒரு நாள் எஞ்சின் எண்ணெயோடு தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. எஞ்சினின் மேல் மூடியைக் கழற்றாமல் வேறு வழியில்லை.

போன கிழமை உங்களில் ஒருவர் ஸ்டட் என்றால் எது என்று என்னிடம் கேட்டீர்கள். கேட்டவரின் மானத்தைக் காப்பாற்ற எல்லாருக்கும் சொல்கிறேன். எஞ்சினின் அடிப்பாகம் ப்ளொக். மேல் மூடி ஹெட். ப்ளொக்கில் முறுக்கி நிறுத்தியிருக்கிற தண்டுகள்தான் ஸ்டட். அவை ஹெட்டுக்குள்ளால் மேலே வரும், அவற்றின் தலையில் நட் போட்டு இறுக்கியிருக்கும். நட் துருவோடு இறுகிப்போய், நீங்கள் மாடு மாதிரி இழுத்தால், தண்டு ப்ளொக்குக்குள் முறியும். அதைத் துளைத்துத்தான் எடுக்க வேண்டும். துளை கொஞ்சம் சரிந்தால் ப்ளொக் போயிற்று. அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான் வராது. கொழும்பு முழுக்க அலைந்தாலும் அந்தக் காருக்கு இன்னொரு ப்ளொக் கிடைக்காது. ஒரு ஸ்டட் முறிந்தால் லத்தீப் நானா திரும்பவும் தோணி வலிக்கப் போக வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், பாஸுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

காரின் முன்பக்கத் தகர மூடியைத் திறந்தால் உள்ளே எல்லாம் சாம்பல் நிறம்.

“ரெண்டு பூச்சு,” என்றார் லத்தீப் நானா. “நானே பூசின. துரு ஒரு துளி இரிக்கா பாருங்க.”

“துரு இல்லை நானா,” என்றார் பாஸ். “எஞ்சினையும் காணேல்லை.”

எங்கள் கராஜில் ஒரு வழக்கம் இருந்தது. காரின் சொந்தக்காரர் கூரைக்குக் கீழே வரக்கூடாது. வாசல் படலைக்குப் பக்கத்தில் இருக்க ஒரு மர வாங்கு கிடக்கும், அதில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், அவ்வளவுதான். காரணம் கேட்டால் முதலாளி, “பிள்ளைப்பேற்று அறைக்குள்ள புருசனை விடுறவையோ?” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். உண்மையான காரணம் என்னவென்றால், வெளியே இருப்பவனுக்கு எந்தக் கதையையும் சொல்லலாம்.

நட்டுகளுக்கு எண்ணெய் விடுகிற வேலையை பாஸ் என்னிடம் தந்தார். பழைய எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து, காலையும் மாலையும், மூன்று நாள். நான் விட்டேன். திரும்பி வந்து பார்க்கும்போது எண்ணெய் இருக்காது.

“குடிச்சுதோ?” என்று பாஸ் கேட்பார்.

“நல்லாக் குடிச்சிட்டுது,” என்பேன்.

குனிந்து பார்க்கவில்லை. விரல் வைத்துப் பார்க்கவில்லை. கண்ணுக்கு எண்ணெய் தெரியவில்லை, ஆகவே குடித்துவிட்டது. இதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். முகத்தைத் திருப்ப வேண்டாம்.

மூன்றாம் நாள் மழை. பதினொரு நட்டில் ஒன்பது கழன்றது. பின்பக்கம், எஞ்சினுக்கும் ஆள் இருக்கிற இடத்துக்கும் நடுவிலுள்ள தகரத்தை ஒட்டியிருந்த இரண்டு அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய அரசாங்கக் கந்தோர் ஐயாவின் ஜீப் வந்து படலையில் நின்று ஹோர்ன் அடித்தது. ஐயா அதில் இல்லை. டிரைவர் மட்டும்தான். புகைக்குழாய் இரைகிறதாம், உடனே பார்க்க வேண்டுமாம். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கூரை. அதன் கீழே லத்தீப் நானாவின் கார் வயிறு திறந்து கிடக்கிறது.

முதலாளி மழைக்குள் ஓடிப்போய் ஜீப்பின் ஜன்னலுக்குள் தலையைக் கொடுத்தார். “அரை மணித்தியாலம் தம்பி. கூரை உங்களுக்குத்தான்.” பிறகு உள்ளே வந்தார். “பாஸ், கேட்டதுதானே? அரை மணித்தியாலம்.”

பாஸ் மூலையில் கிடந்த இரும்புக் குழாயை எடுத்து வந்து ஸ்பனரின் பிடியில் சொருகினார். பிடி நீண்டால் பலம் கூடும். பலம் கூடினால் கைக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டால், கராஜில் ஆட்களை விடக் குழாய்தான் கூடப் பொய் சொல்லும்.

நான் எதிர்ப்பக்கம் குனிந்து டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். பாஸ் இழுத்தார். வெளியே ஹோர்ன்.

“வருது,” என்றார் பாஸ்.

நட் அசைந்தது உண்மை. ஆனால் நட்டின் நடுவில் தெரிந்த தண்டின் நுனியும் அதோடு சேர்ந்து திரும்பியது. அவர் மூச்சு வாங்கக் கையைத் தளர்த்தினார். நட்டும் நுனியும் சேர்ந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. என் லொறி ஸ்டட் முறிய முதல் செய்ததும் இதுதான். பிள்ளைகளே, முறியப்போகிற ஸ்டட் கடைசி நேரத்தில் கைக்கு இனிக்கும். அவ்வளவு நேரமும் கல்லாக நின்றது, மெல்ல இளகி வருகிற மாதிரி இருக்கும். சந்தோசமாக இன்னும் ஒரு இழுவை இழுப்பீர்கள். அதோடு சரி.

“பாஸ், விடுங்கோ. அது கழரேல்லை. தண்டு முறுகுது.”

“உன்ர வேலையைப் பார்.”

“இதுதான் என்ர வேலை. வெளிச்சம் பிடிக்கச் சொன்னது நீங்கள்தானே. வெளிச்சத்தில தெரியுறதைச் சொல்லுறன்.”

“தேத்தண்ணி ஊத்த வந்தவ எஞ்சினுக்கு வியாக்கியானம் சொல்லுறா,” என்றார் முதலாளி. “இழுங்கோ பாஸ்.”

அப்போதுதான் டோர்ச் வெளிச்சத்தில் இன்னொன்றையும் கண்டேன். நட்டின் காலைச் சுற்றிப் பெயின்ற் தடித்துப் படிந்து, பாலாடை மாதிரி மூடியிருந்தது. ஒரு கீறல் இல்லை. மற்ற ஒன்பதும் பெயின்ற் பூசிய பிறகு யாரோ ஸ்பனர் வைத்து இறுக்கிய நட்டுகள், அவற்றில் பெயின்ற் வெடித்திருந்தது. இவை இரண்டிலும் தூரிகை சொட்டிய சொட்டெல்லாம் தேங்கி இறுகியிருந்தது. மூன்று நாளாக நான் விட்ட எண்ணெய் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. பெயின்றின் மேலால் வழிந்து, பின்னால் ஓடி, ஏற்கெனவே கறுத்துக் கிடந்த நிலத்தில் ஊற்றியிருக்கிறது. நான் அதற்குக் குடித்துவிட்டது என்று பெயர் வைத்திருக்கிறேன்.

என் மேல் எனக்கே கோபம் வந்தது. பாஸ் இன்னொரு முறை இழுக்கக் காலை ஊன்றினார். நான் ஸ்பனரிலிருந்து குழாயை உருவி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். முதலாளி பின்னால் கத்தினார். என்ன கத்தினார் என்பதைச் சொன்னால் பிள்ளைகள் நீங்கள் கேட்க ஏலாது.

லத்தீப் நானா வாங்கில் இருந்தார். என் கையில் குழாயைக் கண்டதும் எழும்பினார்.

“முடிஞ்சுதா புள்ள?”

“இல்லை நானா. ரெண்டு ஸ்டட் வரேல்லை. ஒண்டு முறியப் பாக்குது.”

“மூணு நாளா எண்ணெய் குடிக்குது எண்டீங்களே.”

“குடிக்கேல்லை. நான் பாக்காமச் சொன்னனான். பெயின்ற்றுக்கு மேலால ஓடிட்டுது.”

அவர் அடித்திருந்தால் பரவாயில்லை. “நீங்க பாக்காமச் சொன்னீங்க,” என்றார். “நான் நம்பி வாங்குல இருந்தன்.”

“ஓம்.”

“முறிஞ்சா?”

“துளைக்கோணும். துளை சரிஞ்சா எஞ்சின் முடிஞ்சுது.”

“இதை ஏன் இப்ப எனக்கிட்டச் சொல்றீங்க?”

“முறிஞ்ச பிறகு சொன்னா வேற கதைதான் சொல்லுவம் நானா. எனக்கு அந்தக் கதை பாடம்.”

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கூரைக்குக் கீழே போனார். முதலாளி குறுக்கே வந்தார். அவரைச் சுற்றிப் போனார். பாஸுக்கு முன்னால் போய் நின்றார்.

“பாஸ், இந்தப் புள்ள சொல்றது மெய்யா?”

பாஸ் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“பாஸ்.”

“மெய்தான்,” என்றார் பாஸ்.

“லத்தீப், ஜீப் நிக்குது,” என்றார் முதலாளி. “அதிகாரியின்ர ஜீப். விளங்குதோ? ஒண்டில் இப்ப இழுக்கோணும், இல்லாட்டிக் காரை மழைக்குள்ள தள்ளோணும். கூரை ஒண்டுதான்.”

“தள்ளுங்க,” என்றார் லத்தீப் நானா. “எனக்குக் கூரை வாணாம். எஞ்சின் வேணும்.”

தள்ளினோம். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முற்றத்து வாகை மரத்துக்குக் கீழே நிறுத்தி, மரத்துக்கும் வேலிக்குமாக ஒரு தார்ப்பாய்ப் படங்கு இழுத்துக் கட்டினோம். ஹெட்டை ஒரு சொட்டுத் தண்ணீர் தொடாமல் லத்தீப் நானா தன் சட்டையைக் கழற்றி அதற்கு மேல் விரித்தார். ஜீப் உள்ளே போனது. போகும்போது டிரைவர் தலையை நீட்டினான்.

“என்ன அக்கா, ஆஸ்பத்திரியை வெளியில மாத்தியாச்சோ?”

“ஓம் தம்பி. உள்ளுக்கு மாட்டு வைத்தியம் தொடங்கியிருக்கு. நீங்கள் போங்கோ.”

இரும்பு அறுக்கிற உடைந்த வாள் அலகு ஒன்றால் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினேன். சுரண்டச் சுரண்ட எரிச்சல் கூடியது. லத்தீப் நானா டோர்ச் பிடித்தார். நட்டின் கால் தெரிய ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போயிற்று. அந்த நேரம் படங்கைத் தூக்கிக்கொண்டு பாஸ் உள்ளே வந்தார். கையில் ஊதுவிளக்கு. பெற்றோல் குழாயைக் கழற்றி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பாராமல் கேட்டார்.

“மெழுகுதிரி இருக்கோ?”

முதலாளியின் மேசை லாச்சியில் ஒன்று இருந்தது. கேட்காமல் எடுத்து வந்தேன். அன்றைக்குச் செய்த குற்றங்களோடு இதுவும் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பாஸ் நட்டைச் சூடாக்கினார். மிச்சமிருந்த பெயின்ற் கொப்புளித்து எரிந்தது. விளக்கை எடுத்துவிட்டு மெழுகுதிரியை நட்டின் காலில் தொட்டார். மெழுகு உருகி, வழியாமல், உள்ளே இழுபட்டுப் போனது. இந்த முறை நான் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தேன். உண்மையில் குடித்தது.

“இது உங்களுக்குத் தெரியுமோ பாஸ்?”

“இருவது வருசமாத் தெரியும்.”

“பிறகு ஏன் குழாயை எடுத்தனீங்கள்?”

அவர் நட்டைச் சின்னச் சுத்தியலால் பக்கம் பக்கமாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

“ஹோர்ன் அடிச்சாங்கள்,” என்றார்.

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். ஸ்டட் முறிப்பது தெரியாதவன் இல்லை. தெரியாதவன் பயந்து பயந்து தொடுவான், அவன் கையில் முறிவது குறைவு. மெழுகு, சூடு, பொறுமை எல்லாம் இருபது வருசமாகத் தெரிந்த ஒரு மனிதன், ஜீப்புக்குள் இருக்கிற ஒருவன் ஹோர்னில் கையை வைத்ததும் குழாயை எடுக்கிறான். அந்த ஜீப்புக்கு ஓர் அவசரமும் இல்லை. நோயாளி இல்லை, பிள்ளைத்தாய்ச்சி இல்லை. நோயாளி ஏற்றுகிற காரை மழைக்குள் தள்ளிவிட்டு, இரைச்சல் போடுகிற ஜீப்பைக் கூரைக்குக் கீழே எடுத்த ஊர் இது. எனக்கு வயது போய்விட்டது, பல் போய்விட்டது, அந்தக் கோபம் மட்டும் போகவில்லை.

முதல் நட்டை பாஸ் கழற்றினார். குழாய் இல்லாமல். இரண்டாவதற்கு வந்ததும் ஸ்பனரை என்னிடம் நீட்டினார். “என்ர கை இண்டைக்குச் சரியில்லை,” என்றார்.

நான் சோக்கட்டியால் நட்டிலும் தண்டின் நுனியிலும் சேர்த்து ஒரே கோடாகக் கீறினேன். “நானா, இந்தக் கோட்டைப் பாருங்கோ. கோடு அப்பிடியே நேரா நிண்டு திரும்பினாத் தண்டு முறுகுது, என்னை நிப்பாட்டுங்கோ. கோடு ரெண்டாப் பிரிஞ்சா நட் கழருது.”

முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரளவு திருப்பினேன்.

“எந்தப் பக்கம் திருப்புறீங்க புள்ள,” என்று லத்தீப் நானா பதறினார்.

“துருவைக் குழப்பத்தான் நானா. கோட்டைப் பாருங்கோ.”

பிறகு கழற்றுகிற பக்கம். கல். சூடாக்கினோம், மெழுகு வைத்தோம், ஆறவிட்டோம், தட்டினோம். திரும்பவும் கல். கைக்கு இனிக்கத் தொடங்கிய இடத்தில் இரண்டு முறை லத்தீப் நானா “நிறுத்துங்க” என்றார், இரண்டு முறையும் நிறுத்தினேன். என் கை இழு என்றது. அவருடைய கண் விடு என்றது. சொந்தக்காரனின் கண்ணுக்கு முன்னால் கை தானாகவே மரியாதை பழகும். அதனால்தான் முதலாளிமார் அவனை வாங்கில் வைத்திருக்கிறார்கள்.

நான்காம் முறை நட்டுக்குள்ளிருந்து ஒரு காய்ந்த சத்தம் வந்தது. பழைய அலுமாரிக் கதவு திறக்கிற மாதிரி.

“பிரியிது,” என்றார் லத்தீப் நானா. “கோடு பிரியிது புள்ள.”

அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு. அவசரப்படவில்லை. நட் என் கைக்குள் வந்து விழுந்தபோது இன்னும் சூடாக இருந்தது. பாஸும் லத்தீப் நானாவும் ஹெட்டைத் தூக்கினார்கள். ப்ளொக் முழுசாக இருந்தது. பதினொரு ஸ்டட்டும் முழுசாக நின்றன. லத்தீப் நானா அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டேன்.

“மூணு நாளா நான் துறைக்குப் போகல்ல,” என்றார். “நீங்க முதல் நாளே குனிஞ்சு பாத்திருந்தா நேத்தே ஓடியிருப்பன்.”

“ஓம் நானா.”

“இன்டைக்குக் குனிஞ்சதுக்கு அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்.”

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டும் எனக்குச் சேர வேண்டியவைதான்.

பின்னேரம் முதலாளி என்னைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் முன்னால் பாஸை அவமானப்படுத்தினேனாம். பாஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வர வேண்டாம். மெழுகுதிரியைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

பாஸ் மண்ணெண்ணெய் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“முதலாளி உங்களிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னவர்.”

“என்னத்துக்கு?”

“உங்களை ஸ்டட் முறிக்க விடாததுக்கு.”

அவர் விரல் இடுக்குகளைத் தேய்த்தார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை.

“கேட்டாச்செண்டு போய்ச் சொல்லு,” என்றார். பிறகு கூரைக்குக் கீழே நின்ற ஜீப்பைப் பார்த்தார். “அதின்ர புகைக்குழாயிலயும் ரெண்டு ஸ்டட் இறுகிக் கிடக்கு. நாளைக்கு விடிய வெள்ளண வா. வரேக்க மெழுகுதிரி ஒண்டு கொண்டு வா.”

“டிரைவர் நிண்டு ஹோர்ன் அடிப்பானே பாஸ்.”

“அடிக்கட்டும்,” என்றார்.